காருக்குள் மாட்டிய மேளம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியோ டேப்ரிக்கார்டர் பக்கம் போய்விடுகிறது. யார் வீட்டில் முதலில் வந்தது, எந்தக் கடையில் பாட்டுப் பதிந்து கொடுத்தார்கள், நாடா சிக்கினால் எப்படி எடுப்போம் என்று ஆளுக்கு ஆள் உருகுகிறீர்கள். போன தடவை நான் பாதியில் எழுந்து போனேன். முதுகுவலி என்று சொன்னேன். முதுகுவலியும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் பேச்சு ஆகாது. ஏன் என்று எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு மேற்கொண்டு உருகுவதென்றால் உருகுங்கள்.

நான் ஐந்தாவது முடித்த கோடை லீவு. அப்பாவின் தம்பி சவுதியிலிருந்து வந்தார். அங்கே கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. எல்லாரும் கொண்டுவருகிற மாதிரி போர்வை, செண்ட்டு, டார்ச் லைட் எல்லாம் கொண்டுவந்தார். கூடவே ஒரு கார் டேப் செட். எங்கள் வீட்டில் கார் இல்லை. எங்கள் தெருவிலேயே கிடையாது. சைக்கிள் வைத்திருந்தவரைப் பெரிய ஆள் என்று நினைத்த தெரு அது.

அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கார் எங்கடா?"

"வரும்ணே. செட்டு வந்துடுச்சுல்ல."

அந்த அட்டைப் பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வரும். புது பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் சேர்ந்த வாசனை. அதுவரை எங்களுக்குப் புதுப்பொருள் வாசனை என்றால் கோரைப்பாய்தான். செட் கறுப்பு. இரண்டு ஓரத்திலும் வெள்ளி நிறத்தில் குமிழ். இடது குமிழைத் திருகினால் முதலில் டிக்கென்று ஒரு சத்தம் வரும், அதற்கப்புறம்தான் பாட்டு. எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பினால் அதே டிக், பாட்டு நின்றுவிடும். கரண்ட்டே இல்லாத செட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த டிக்கைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அம்மா வந்து பிடுங்கி வைப்பாள்.

வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை குடவாசல் பக்கம். சித்தப்பா அந்தக் கல்யாணத்தை மனதில் வைத்துத்தான் கார் வாங்கினார். கும்பகோணத்தில் யாரோ கை மாற்றி விட்ட அம்பாசிடர். வெளுத்துப்போன க்ரீம் கலர். பின்கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்காது, வெளியே யாராவது நின்று இழுக்க வேண்டும். எங்கள் தெருவுக்குள் அது நுழையாது. கோடையில் வாய்க்கால் காய்ந்துதானே கிடக்கும், அந்த மணலில் இறக்கிப் புங்கமர நிழலில் நிறுத்தினார். தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. தொட்ட இடத்தில் எல்லாம் கைரேகை. சித்தப்பா துடைக்க மாட்டார். "இருக்கட்டும், நம்ம கைதான" என்பார்.

செட்டை மாட்டிக்கொடுக்கச் சொல்லிக் கும்பகோணத்துக் கடை ஒன்றுக்குக் காரை எடுத்துப் போனார். நானும் போனேன். கடைக்காரர் காரைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். ஓனரை வரச் சொல்லுப்பா, என்ன வேணும்னு அவர்கிட்டயே கேட்டுக்கறேன் என்றார். நான்தான் ஓனர் என்று சித்தப்பா சொன்னதற்கு அவர் சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை. டிரைவர் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்து நிஜமாகவே சிரித்தார். சித்தப்பா செட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். ஊர் வந்ததும், "நாமளே மாட்டறோம் பாப்பா. என்ன பெரிய வித்தை" என்றார்.

அவருக்கு ஒயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது, இங்கிலீஷும் அரபியும். எழுத்து புரியாவிட்டாலும் படம் புரிந்தது. சிவப்பு பேட்டரிக்கு, கறுப்பு வண்டியின் இரும்புக்கு, மற்ற நாலும் ஸ்பீக்கர்களுக்கு. நான் படத்தைப் பார்த்துச் சொல்வேன், அவர் முறுக்குவார். டாஷ்போர்டில் ஆக்சா பிளேடால் ஓட்டை போட்டார். ஓட்டை பெரிதாகிவிட்டது, செட் உள்ளே விழுந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிலும் திணித்து நிறுத்தினோம். ஸ்பீக்கர் இரண்டும் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில். அதை அறுக்கும்போது விழுந்த தூள் என் தலைமுடியில் பல நாள் இருந்தது.

எல்லாம் மாட்டியும் செட் எரியவில்லை. ஃபியூஸ் மாற்றினார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். எரியவில்லை. தெருப் பையன்கள் சுற்றி நின்றுகொண்டு ஊதுபத்தி ஏத்திப் பாருங்க என்றார்கள். அப்புறம் கறுப்பு ஒயர் தற்செயலாக ஒரு துருப்பிடித்த இடத்தில் பட்டது, விளக்கு மினுக்கென்று எரிந்தது. வண்டியின் பெயிண்ட் மேலேயே ஒயரை முறுக்கி வைத்திருந்தோம். பெயிண்டுக்குள் கரண்ட் போகுமா? வாழ்க்கை முழுக்கப் பெயிண்ட் அடித்த ஆளுக்கு அது தோன்றவில்லை. அரிவாளை எடுத்துவந்து இரும்பு பளபளக்கிற வரை சுரண்டினார்.

பாட்டு வந்தது. ஆனால் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வந்தது. படத்தை மறுபடி பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் இடம் மாறியிருந்தன. மாற்றிப் போட்டேன். தவில் வந்து நெஞ்சில் இடித்தது. சித்தப்பா என்னைத் தூக்கி பானட் மேல் உட்காரவைத்தார். வெயிலில் அது கொதித்தது, இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜாயிண்ட் ஒவ்வொன்றையும் கறுப்பு டேப் சுற்றி என்னிடம் நீட்டுவார். "இழு. கையோட வந்துச்சுன்னா அது ஜாயிண்ட் இல்ல." நான் இழுப்பேன். வராது. அடுத்ததை நீட்டுவார்.

இனி மேலத்தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் சிலர் அந்த மாதிரித் தெருவில் பிறந்தவர்கள். வருத்தப்படாதீர்கள், அல்லது படுங்கள்.

ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வண்டி வர ஒரே வழி, மேலத்தெரு வழி. எங்கள் ஆட்களின் கல்யாண ஊர்வலம் வந்தால் அந்தத் தெரு முனையில் மேளம் நிற்கும். மேளக்காரர்கள் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சும்மா நடப்பார்கள். தெரு தாண்டியதும் மறுபடி வாசிப்பார்கள். யாரும் உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை. யாரும் அடித்ததும் இல்லை. பெண் மாப்பிள்ளை உட்பட எல்லாரும் ஏதோ சாவு வீட்டைத் தாண்டுவது போலத் தலையைக் குனிந்துகொண்டு தாண்டுவார்கள். எனக்கு அது கல்யாணத்தில் ஒரு சடங்கு என்றே எண்ணம். தாலி கட்டுவது போல, அதுவும் ஒன்று.

சித்தப்பா கல்யாணத்துக்கு மேளம் பேச வேண்டாம் என்றுவிட்டார். நாதஸ்வரம் தவில் கேசட் ஒன்று வாங்கி வந்தார். திருவிடைமருதூர்க் கோயிலில் தாலி கட்டியதும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் ஏற்றி, கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, மேளத்தை முழுசாக வைத்து, மேலத்தெரு வழியாக நடை வேகத்தில் வருவது. இதுதான் திட்டம்.

அப்பா அன்று சாப்பாட்டில் கையை வைத்தபடியே இருந்தார்.

"எதுக்குடா வம்பு? கல்யாணம் நல்லபடியா முடியட்டும்."

"மேளம் அடிக்கக் கூடாதுன்னுதானண்ணே இருக்கு? நான் எங்க அடிக்கிறேன்? பொட்டிதான அடிக்குது."

"அவங்களுக்கு இது புரியாதா?"

"மேளக்காரன்னா கக்கத்துல இடுக்கிக்கலாம். ஒயர் போட்டு மாட்டுனத எங்க இடுக்குறது?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. மேலத்தெருவின் பெரிய வீட்டு நிலத்தில் நாலு மா, ஒன்றேகால் ஏக்கர் போல, குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். எழுத்து கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. பெரிய வீட்டுக்காரர் முகம் கோணினால் மேட்டூர்த் தண்ணீர் வரும்போது அந்த வயலில் வேறு ஆள் ஏர் பூட்டுவான். சித்தப்பா சவுதிக்குப் போய்விடுவார். நாங்கள் எங்கே போவது? இது எனக்கு அப்போது தெரியாது. அப்பா பயந்தாங்கொள்ளி என்று மட்டும் தெரியும்.

கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். பாட்டு ஓடட்டும். ஆனால் வேண்டாமென்றால் நிறுத்துவதற்குத் தன் கையில் ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு அது பெரிய தமாஷாகிவிட்டது. கட்டில் தலைமாட்டில் ஒயரில் தொங்குமே, பேரிக்காய் மாதிரி ஒரு சுவிட்ச், அதை வாங்கி வந்தார். கட்டிலே இல்லாத வீட்டுக்குக் கட்டில் சுவிட்ச். செட்டுக்குப் போகிற சிவப்பு ஒயரை நடுவில் அறுத்து, காலடி மிதியடிக்குக் கீழே நீளமாக ஒயர் இழுத்து, சுவிட்சைப் பின்சீட்டில் கொண்டுபோய் விட்டார். டீக்கடையில் இதை எல்லாரிடமும் சொன்னார். அண்ணன் பயத்துக்கு ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்திருக்கிறேன் என்று. ஊரே பேசிச் சிரித்தது. அமுத்துவாரா மாட்டாரா என்று பந்தயம் கட்டினவர்கள்கூட உண்டு.

கல்யாணத்தன்று முன்சீட்டில் சித்தப்பாவும் நானும். கேசட் முடிந்தால் திருப்பிப் போடுவது என் பொறுப்பு. பின்னால் அக்கா, மாப்பிள்ளை, கதவோரம் அப்பா. அவர் கையில் அந்த வெள்ளைச் சுவிட்ச். மற்றவர்கள் முன்னாடியே பஸ்ஸில் போய் எங்கள் தெரு முனையில் காத்திருந்தார்கள். மேளச் சத்தம் மேலத்தெருவைத் தாண்டி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றதாக அம்மா பிற்பாடு சொன்னாள்.

மேலத்தெரு முனையில் சித்தப்பா வண்டியை மெதுவாக்கினார். கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தார்.

"என்னண்ணே?"

அப்பா கையிலிருந்த சுவிட்சைப் பார்த்தார். அப்புறம், "போ" என்றார்.

நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. தெரு வெறிச்சென்று கிடந்தது. ஒரு வாசலில் வடாம் காய்ந்தது. இரண்டு வீட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை, யாரும் கத்தவில்லை. எனக்குப் பெருமையில் மூச்சு முட்டியது. பெரிய வீடு வந்தது. பெரிய வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுப் பேப்பரை இறக்கினார். அவ்வளவுதான் செய்தார்.

டிக்.

அந்த டிக்கை உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. சித்தப்பாவின் இடது கை குமிழ் மேல் இருந்தது. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே அதைத் திருப்பியிருந்தார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். அப்பாவின் இரண்டு கையும் முன்சீட்டின் முதுகைப் பிடித்திருந்தன. சுவிட்ச் அவர் காலடியில் ஒயரோடு கிடந்தது. எப்போது அதை விட்டாரோ தெரியாது. அக்கா மாலைக்குள் தலையைக் குனிந்திருந்தாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அப்பா தம்பியின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். சித்தப்பா நிறுத்தினார். நிறுத்தியதோடு விடவில்லை, இறங்கினார். சவுதி சட்டை, சவுதி வாட்ச், எல்லாவற்றோடும் இறங்கி, தோளில் கிடந்த பட்டுத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. கை தானாக எடுத்தது.

பெரிய வீட்டுக்காரர் குனிந்து உள்ளே பார்த்து, நல்லா இருக்கட்டும் என்று அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் சொன்னார். பிறகு சித்தப்பாவைக் கேட்டார்.

"பாட்டு வந்துச்சே. ஏன் நின்னுபோச்சு?"

"ஒயர் லூஸுங்க. நாங்களே மாட்டுனது. அப்பப்ப நின்னுபோயிடும்."

"கடையில குடுத்து மாட்டியிருக்கலாம்ல?"

"ஆமாங்க."

அந்த மனிதர் கிண்டலுக்குக் கேட்டாரா, நிஜமாகவே பாட்டு பிடித்துப்போய்க் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நிஜமாகக் கேட்டிருந்தால் அது இன்னும் கேவலம். யாரும் நிறுத்தச் சொல்லாமல் நாங்களாகவே நிறுத்தினோம் என்று ஆகும். நாற்பது வருஷம் கழித்தும் ஒரு மனிதர் பேப்பரை இறக்கிய விதத்தை மனதில் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் பாருங்கள், அதுவே எனக்கு ஆத்திரம்.

தெரு தாண்டியதும் சித்தப்பா குமிழைத் திருகினார். மேளம் மறுபடி முழுசாக எழுந்தது. எங்கள் தெரு முனையில் நின்றவர்களுக்கு எல்லாம் கேட்டிருந்தது. வந்த சத்தம், நின்ற இடம், மறுபடி தொடங்கிய இடம். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தது போலவே வந்திருந்தோம். கார் நின்றதும் அத்தை அப்பா இறங்குகிற கதவை வெளியே இருந்து இழுத்துத் திறந்தாள். அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது.

"வாப்பா. கட்டைவிரல் வலிக்குதா? வெந்நி வெக்கட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பந்தியில் அது நிற்கவே இல்லை. ரசம் ஊற்றுகிறவன், மாமா சொன்னா நிறுத்திடுறேன், சுவிட்சு அவருகிட்டதான் இருக்கு என்றான். நாலு மா நிலத்துக்காகப் பெற்ற பெண்ணின் மேளத்தை அமுக்கினவர் என்று ஒரு கிழவர் சிரிக்காமலேயே சொன்னார். சித்தப்பா பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் எல்லாம் விழுந்தது. குனிந்து குனிந்து ஊற்றினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

"அப்பா ஒண்ணும் அமுத்தல. சித்தப்பாதான் திருப்புனாரு. நான் பாத்தேன்."

பந்தி அடங்கியது. சித்தப்பாவின் கையில் இருந்த செம்பு நின்றது. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"நாந்தான் அமுத்துனேன். அது சின்னப்புள்ள, அதுக்கென்ன தெரியும். உக்காந்து சாப்புடு."

மறுபடி சிரிப்பு எழுந்தது. சித்தப்பா அடுத்த இலைக்கு நகர்ந்தார். நான் அப்பாவை அன்று வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொல்கிறாரே, இவருக்கு வெட்கமே கிடையாதா என்று நினைத்தேன். சின்னப்பிள்ளையின் புத்தி அவ்வளவுதான். ஆனால் அந்த வெட்கம் மட்டும் போகவில்லை. யாருக்காக வெட்கப்படுகிறேன் என்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் சித்தப்பா காரை விற்றுவிட்டு சவுதிக்குத் திரும்பிவிட்டார். வாங்கியவர் செட்டோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார். அப்பாவுக்கு ஊரில் 'சுவிட்சு' என்று பெயர் நிலைத்தது. அவரும் கூப்பிட்டால் திரும்பினார். அந்த நாலு மாவும் ரொம்ப நாள் நிற்கவில்லை. பெரிய வீட்டுக்காரர் நிலத்தை வெளியாருக்கு விற்றார். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்வெட்டியோடு வயலுக்குப் போனவர் அங்கே கல் நட்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

எனக்கு வேலை கிடைத்த பிறகு ஒருநாள் கேட்டேவிட்டேன். ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று. மறந்துபோனவர் மாதிரி பாசாங்கு செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"அவன் அந்தத் தெருவுல தலை நிமிந்து வரணும்னு அத்தன நாளா ஆசப்பட்டவன். முடியலன்னு ஊருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டான். எனக்கென்ன, பழக்கம்தான."

"நீங்க அமுத்தியிருப்பீங்களா?"

"கீழ போட்டுட்டேன்ல" என்றார்.

பழக்கம்தான என்று சொன்னாரே, அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. தியாகம் என்று நீங்கள் சொல்வீர்கள். வேண்டாம். ஒரு மனிதர் அவமானத்துக்குப் பழகிப்போயிருந்தார், தம்பியின் பங்கையும் சேர்த்துத் தூக்குகிற அளவுக்குப் பழகியிருந்தார். இதில் உருகுவதற்கு ஒன்றுமில்லை.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. சித்தப்பா மாடி வீடு கட்டி ஊரோடு இருக்கிறார். கண் சரியில்லை. இந்தத் தை மாதம் அவரைப் பார்க்கப் போனேன். பழைய பேச்செல்லாம் பேசினோம். டாஷ்போர்டு ஓட்டை பெரிதானதைச் சொல்லிச் சிரித்தார். அரிவாளால் சுரண்டியதைச் சொன்னார். நான் பானட்டில் உட்கார்ந்து கால் சுட்டுக்கொண்டதைக்கூட நினைவு வைத்திருந்தார். இதுதான் சமயம் என்று நினைத்தேன். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும். அப்பா அமுத்தவில்லை, நான்தான் திருப்பினேன் என்று அவர் சொல்லிவிட்டால், அத்தை மக்களைக் கூப்பிட்டு அந்தப் பெயரை எடுக்கச் சொல்லலாம் என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"மேலத்தெருவுல அன்னிக்கு என்ன ஆச்சு சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். மறைக்கிற முகம் இல்லை. நிஜமாகவே தேடுகிற முகம்.

"அத ஏன் கேக்குற. எல்லாரும் உங்கப்பாவ ஏசினானுங்க. அண்ணன் அமுத்தவே இல்ல பாப்பா, நான் சத்தியம் பண்ணுவேன். ஒயர் லூஸு. சரியா அந்த எடத்துல வந்து நின்னுபோச்சு."

சொல்லிவிட்டு என் பக்கம் காதைத் திருப்பினார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். வாயைத் திறந்தேன். பந்தியில் எழுந்து நின்று கத்தியவள் நான். யாருக்கும் பயப்படாமல் பேசுகிறவள் என்று உங்களிடமெல்லாம் பேர் வாங்கியவள்.

"ஆமா சித்தப்பா" என்றேன். "லூஸாத்தான் இருந்துச்சு."